ஒரு சோறு பதம்

ஓசூர் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. மலையும் காடும் கேழ்வரகுக் கொல்லைகளுமான பகுதி. 1950-களின் தொடக்கத்தில் ஒரு நாள், குதிரையில் வந்து இறங்கிய சப்-கலெக்டரை நேரில் பார்க்க வேண்டும் என்று ஒரு கிராமத்துப் பெண்கள் ஆசைப்பட்டார்கள். வந்திருந்த அதிகாரியும் ஒரு பெண். கூட்டத்தில் இருந்த மூதாட்டி ஒருவர் அவரைச் சுற்றிவந்து ஏற இறங்கப் பார்த்தார். கடைசியில், இவளும் நம்மைப் போலத்தானே இருக்கிறாள் என்றாராம்.

அந்த அதிகாரி அன்னா ராஜம் ஜார்ஜ். 1951-இல் ஐ.ஏ.எஸ். பணிக்கு வந்த முதல் இந்தியப் பெண். அதிகாரம் கையில் இருக்கிற பெண்ணுக்கு வேறு மாதிரி உருவம் இருக்கும் என்று பாட்டி நினைத்திருக்கலாம். அவரை மட்டும் சொல்லி என்ன பயன்? படித்தவர்களும் பல்கலைக்கழகங்களும் அடுத்த எழுபது ஆண்டுகள் அதிகாரிப் பெண்ணைச் சுற்றிச் சுற்றித்தான் வந்தார்கள். இவள் வேலை வாங்கும் விதம் வேறா? வேறென்றால் ஆணைப் போல மாற்றிவிடலாமா? மாற்றுவதற்கு எத்தனை நாள் பயிற்சி தேவை? பாட்டி ஒரே சுற்றில் முடித்த வேலை இது.

அன்னா ராஜம் ஓசூருக்கு வந்து சேர்ந்ததே ஒரு வழக்காடல்தான். நேர்முகத் தேர்வில், வெளியுறவுப் பணியோ மற்ற மத்தியப் பணிகளோதான் பெண்களுக்குத் தோதானவை என்று எடுத்துச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. சென்னை மாகாணத்தையே தேர்ந்தெடுத்தார். திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்ற வாசகத்தோடு நியமன உத்தரவு வந்தது. முதலமைச்சர் ராஜாஜிக்கு, சட்டம் ஒழுங்கைக் கவனிக்க வேண்டிய சப்-கலெக்டர் பதவியை ஒரு பெண்ணிடம் ஒப்படைக்க மனம் வரவில்லை. தலைமைச் செயலகத்திலேயே ஒரு நாற்காலி தருவதாகச் சொன்னார். குதிரையேற்றம், துப்பாக்கி சுடுதல், மாஜிஸ்திரேட் வேலை என எல்லாப் பயிற்சியையும் ஆண்களோடு சேர்ந்தே முடித்திருந்தவர், தனக்கும் அதே பதவி வேண்டும் என்று வாதாடினார். கிடைத்த இடம் ஓசூர். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவருக்குப் பயிற்சி போதவில்லை என்று யாரும் சொல்லவில்லை. பயிற்சி எல்லோருக்கும் ஒன்றுதான். அதை முடித்த பிறகு கைக்கு வர வேண்டிய அதிகாரத்தில்தான் தகராறு.

ஓசூரில் அவர் இருந்த காலத்தில் ஆறு யானைகள் ஊருக்குள் புகுந்துவிட்டன. அவற்றைச் சுட அவர் சம்மதிக்கவில்லை. காட்டுக்கே திருப்பி விரட்ட ஏற்பாடு செய்தார். இதைப் பெண் மனத்தின் இரக்கம் என்பதா, நல்ல நிர்வாகம் என்பதா? அதே முடிவை ஒரு ஆண் அதிகாரி எடுத்திருந்தால் முதல் பதிலை யாரும் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பாடம் பெண், மாணவன் ஆண்

தொழிற்கூடங்களில் மேற்பார்வையாளர்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுக்கும் வழக்கம் பெரிய அளவில் வேரூன்றியது இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்காவில். ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் ஆலைகளுக்குள் வந்தார்கள். 1940 முதல் 1945 வரை அரசு நடத்திய ‘டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி’ என்ற திட்டத்தில் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சான்றிதழ் பெற்றார்கள்.

அந்தக் காலத்து அறிவுரைகளை இன்று படித்தால் சிரிப்பு வரும். 1943-இல் போக்குவரத்துத் துறை இதழ் ஒன்று, பெண் ஊழியர்களிடம் நன்றாக வேலை வாங்க 11 யோசனைகளை வெளியிட்டது. தலை வாரிக்கொள்ளவும் உதட்டுச் சாயம் பூசிக்கொள்ளவும் நாளில் பலமுறை இடைவெளி கொடுத்தால் நம்பிக்கையோடு வேலை செய்வார்கள் என்பது அவற்றில் ஒன்று. மறு ஆண்டு, பெண் தொழிலாளர்களை மேற்பார்க்கும் விதம் பற்றி அமெரிக்கக் கல்வித் துறை பயிற்சிப் படமே எடுத்தது. இவை எல்லாவற்றிலும் பெண்தான் பாடம், ஆண்தான் மாணவன். மேற்பார்வையாளர் நாற்காலியிலேயே ஒரு பெண் உட்காரக்கூடும் என்பது யாருடைய கணக்கிலும் இல்லை.

ஆனால் அதே போர்க்காலத் திட்டத்தில், ஆட்களை நடத்தும் முறை பற்றிய வகுப்பு ஒன்றும் இருந்தது. அதன் அடிப்படைகள் நான்கு. அவரவர் வேலை எப்படிப் போகிறது என்பதை அவரவரிடம் சொல்லிவிடு. பாராட்ட வேண்டிய இடத்தில் பாராட்டு. ஒருவரைப் பாதிக்கும் மாற்றம் வருகிறது என்றால் முன்கூட்டியே தெரிவி. ஒவ்வொருவரிடமும் உள்ள திறமையை முழுதாகப் பயன்படுத்து. இவற்றோடு, ஆளைக் கும்பலாகப் பார்க்காதே, தனி மனிதராக நடத்து என்பதும் அழுத்திச் சொல்லப்பட்டது.

இந்தப் பட்டியலை இன்றைக்கு ஒரு மனிதவளக் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினால், பெண்களுக்கே உரிய தலைமைப் பாணி என்று பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். 1940-களில் அது கிரீஸ் கறை படிந்த ஃபோர்மேன்களுக்குச் சொல்லிக்கொடுத்த சாதாரணத் தொழில் நுணுக்கம். சொல்லிக்கொடுத்தால் வருகிற கைப்பழக்கத்தை நடுவில் எப்போதோ பிறவிக் குணமாக மாற்றிவிட்டோம்.

1973

அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஷைன் 1973-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 300 ஆண் மேலாளர்களிடம் 92 குணங்களைக் கொண்ட பட்டியல் தரப்பட்டது. ஒரு பகுதியினர் அதை வைத்துப் பொதுவாக ஆண்களை மதிப்பிட்டார்கள். இன்னொரு பகுதியினர் பெண்களை. மூன்றாம் பகுதியினர் வெற்றிகரமான மேலாளரை. மேலாளரின் படமும் ஆணின் படமும் பெரும்பாலும் பொருந்தின. பெண்ணின் படம் ஒட்டவில்லை. இரண்டு ஆண்டு கழித்துப் பெண் மேலாளர்களிடம் கேட்டபோதும் முடிவு அதேதான். 1989-இல் மறுபடி கேட்டார்கள். பெண்களின் மனத்தில் இருந்த படம் மாறியிருந்தது. ஆண்கள் அப்படியே இருந்தார்கள்.

தமிழ்நாடு காவல் துறை பெண்களை முதன்முதலாகச் சேர்த்துக்கொண்டதும் அதே 1973-இல்தான். ஒரு உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள். ஒரு மாநிலத்தின் மொத்தப் படையில் 22 பேர்.

ஆயிரக்கணக்கானோர் நடுவில் 22 பேராக இருப்பது என்ன செய்யும் என்பதை ஆராய்ந்தவர் ரோசபெத் மாஸ் காண்டர். ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தை உள்ளிருந்து பார்த்து 1977-இல் அவர் எழுதிய புத்தகம் இந்த ஆய்வுத் துறையின் போக்கையே திருப்பியது. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலராக இருப்பவர்கள் எப்போதும் வெளிச்சத்தில் நிற்கிறார்கள். அவர்கள் செய்கிற ஒவ்வொன்றும் அவர்களுடைய இனத்தின் மேல் எழுதப்படுகிறது என்றார் அவர்.

நம்மிடம் இதற்குப் பழமொழியே இருக்கிறது: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். அடுப்படியில் சரிதான். அலுவலகத்தில் இந்தப் பழமொழி ஒரு பக்கத்துக்குத்தான் செல்லும். ஆண் அதிகாரி எரிந்து விழுந்தால் அது அந்த மனுஷன் குணம். பெண் அதிகாரி எரிந்து விழுந்தால், ‘லேடி ஆபீசர்னாலே இப்படித்தான்’. அவர் தன்மையாக நடந்தாலும் தப்பிக்க முடியாது. ‘மேடம் ரொம்ப சாஃப்ட், வேலை வாங்கத் தெரியாது’. ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து முழுப் பானைக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

காண்டர் சொன்ன இன்னொன்று அதைவிட முக்கியம். பெண் மேலதிகாரி சின்னச் சின்ன விதிகளைப் பிடித்துக்கொண்டு தொங்குவார், எதையும் விட்டுக்கொடுக்க மாட்டார் என்பது அன்றைய பொதுப் பேச்சு. அப்படி நடப்பவர்கள் யார் என்று அவர் பார்த்தார். பெயரளவில் பதவி கொடுத்து, உண்மையான அதிகாரம் கொடுக்காமல் உட்காரவைக்கப்பட்டவர்கள். அந்த நிலையில் ஆணை உட்காரவைத்தாலும் அவரும் விதிப்புத்தகத்தைத்தான் கட்டிக்கொள்வார். மேலிடத்தில் தன் சொல் எடுபடும் என்ற நம்பிக்கை உள்ளவரால்தான் கீழே உள்ளவரிடம் தாராளமாக இருக்க முடியும். பாணி என்று நாம் பெயர் வைத்த பாதி விஷயங்கள், நாற்காலி எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தவை.

ஊசல் மறுபக்கம் போனது

முதல் தலைமுறைப் பெண் அதிகாரிகளுக்குக் கிடைத்த உபதேசம், ஆணைப் போல இரு என்பது. உடுப்பு முதல் குரல் வரை அதற்குக் கையேடுகள் வந்தன. அப்படி இருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு ஆன் ஹாப்கின்ஸ் வழக்கு சாட்சி. பிரைஸ் வாட்டர்ஹவுஸ் தணிக்கை நிறுவனத்தில் 1982-இல் கூட்டாளிப் பதவிக்கு முன்மொழியப்பட்ட 88 பேரில் அவர் ஒருவர்தான் பெண். நிறுவனத்துக்குப் பல கோடி மதிப்புள்ள அரசு ஒப்பந்தத்தைப் பெற்றுத் தந்தவர். பதவி தரவில்லை. நடையிலும் பேச்சிலும் இன்னும் கொஞ்சம் பெண்மை வேண்டும், ஒப்பனை செய்துகொள், நகை போட்டுக்கொள் என்று யோசனை சொன்னார்கள். அவர் நீதிமன்றம் போனார். ஒரு பெண் இப்படித்தான் நடக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை வைத்துப் பதவியை மறுப்பதும் பாகுபாடுதான் என்ற கருத்து 1989-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இடம்பெற்றது.

இங்கே அதற்குப் பத்தாண்டு முன்பே அப்படி ஒரு தீர்ப்பு வந்துவிட்டது. சென்னையில் படித்து, 1949-இல் வெளியுறவுப் பணிக்கு வந்த முதல் பெண்ணான சி.பி. முத்தம்மா, பதவி உயர்வு மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்குப் போட்டார். திருமணம் செய்ய அரசின் அனுமதி கேட்க வேண்டும் என்று பெண் அதிகாரிகளுக்கு மட்டும் இருந்த விதியை 1979-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கடுமையாகச் சாடினார்.

பிறகு ஊசல் மறுகோடிக்குப் போனது. 1990-இல் ஜூடி ரோஸ்னர் எழுதிய கட்டுரை, பெண்கள் கலந்துபேசி, தகவலைப் பகிர்ந்து, கீழே உள்ளவர்களை உற்சாகப்படுத்தி வேலை வாங்குகிறார்கள், அதுவே அவர்கள் பலம் என்றது. ஆணைப் போல இரு என்ற உபதேசம், பெண்ணாகவே இரு என்று மாறியது. அதே ஆண்டு ஆலிஸ் ஈக்லியும் பிளேர் ஜான்சனும் 160-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உண்மையான நிறுவனங்களில், ஆண் வேலையைப் பார்ப்பார், பெண் உறவைப் பார்ப்பார் என்ற பிரிவே தென்படவில்லை. கலந்துபேசி முடிவெடுப்பதில் மட்டும் பெண்கள் ஓரளவு முன்னே இருந்தார்கள். 2003-இல் ஈக்லி குழு மறுபடி தொகுத்தபோது, ஊக்கமூட்டி வழிநடத்துவதில் பெண்களும், பிரச்சினை முற்றும்வரை கண்டுகொள்ளாமல் விடுவதில் ஆண்களும் கொஞ்சம் கூடுதல் என்று தெரிந்தது. கொஞ்சம் என்பதுதான் முக்கியம். ஆணுக்கும் ஆணுக்கும், பெண்ணுக்கும் பெண்ணுக்கும் உள்ள தூரம் அதைவிடப் பெரியது.

தமிழ்நாட்டில் இந்த மறுகோடியின் அடையாளம், 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையம். பெண் சொன்னால் பெண் காது கொடுப்பாள் என்ற நம்பிக்கையில் எழுந்தது. அது பெண் ஆய்வாளர்களுக்கு ஒரு நிலையத்தையே கையில் கொடுத்தது. ரோல் கால் முதல் வழக்கு நாட்குறிப்பு வரை முழுப் பொறுப்பு. கூடவே, வரதட்சணையும் குடும்பத் தகராறும்தான் உங்கள் எல்லை என்று ஒரு வேலியும் போட்டது. அன்னா ராஜத்துக்குத் தலைமைச் செயலகத்தில் காட்டப்பட்ட நாற்காலி நினைவுக்கு வருகிறது.

வேலிக்கு வெளியே நின்றவர்களும் உண்டு. பெரும் நஷ்டத்தில் தவித்த இந்தியன் வங்கிக்கு 2000-இல் தலைவராக வந்த ரஞ்சனா குமார், வாராக்கடன் வசூலிலும் செலவுக் குறைப்பிலும் கறாராக நின்று வங்கியை லாபத்துக்குத் திருப்பினார். லத்திகா சரண் 2006-இல் சென்னை மாநகரக் காவல் ஆணையர். 2010-இல் தமிழகக் காவல் துறைத் தலைவர். பெண் பாணி என்ற சட்டகத்தில் இவர்களை எங்கே பொருத்துவது?

அக்காவும் சாரும்

இன்றைய நிலையைப் பார்க்கச் சரியான இடம் பின்னலாடைத் தொழிற்கூடம். திருப்பூர் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக், பேட்லாக் மிஷின்களில் டெய்லராகவும், செக்கிங்கிலும், கைமடியாகவும் பெண்கள் நிறைய. லைன் சூப்பர்வைசர் ஆணாக இருந்தால் ‘சார்’ அல்லது ‘அண்ணா’. பெண்ணாக இருந்தால் ‘அக்கா’. அழைக்கிற சொல்லிலேயே கணக்கு இருக்கிறது. ‘சார்’ டார்கெட் கேட்கலாம். ‘அக்கா’ டார்கெட்டும் கேட்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று அரை நாள் லீவு கேட்டால் புரிந்துகொள்ளவும் வேண்டும். அவர் கண்டித்தால் அது கண்டிப்பாகத் தெரியாது, துரோகமாகத் தெரியும். தன்மையாக வேலை வாங்குவது அவருடைய சுபாவம் என்கிறோம். அவருக்கு வேறு வழி எங்கே விட்டோம்?

பக்கத்து நாடான வங்கதேசத்தில் இதை நேரடியாகச் சோதித்தார்கள். அப்போது அங்கே ஆடைத் தொழிலாளர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள். சூப்பர்வைசர்களில் ஏறக்குறைய இருபதில் ஒருவர்தான் பெண். பொருளாதார ஆய்வாளர்கள் சிலர், பெண்களையும் ஆண்களையும் தேர்ந்தெடுத்துச் சூப்பர்வைசர் பயிற்சி கொடுத்து லைனில் நிறுத்தினார்கள். தொழிலறிவில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனாலும் தொடக்கத்தில் தொழிலாளர்கள் பெண்களுக்குக் குறைந்த மதிப்பெண்தான் போட்டார்கள். சில மாதம் அவர்களுக்குக் கீழே வேலை செய்த பிறகு அந்த இடைவெளி மறைந்தது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐ.எஃப்.சி.யும் ஆடை ஆலைகளில் நடத்தும் ‘பெட்டர் வொர்க்’ திட்டத்தை டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் மதிப்பிட்டது. பெண் சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி தந்த லைன்களில் உற்பத்தித் திறன் 22 சதவீதம் வரை கூடியிருந்தது. அந்தப் பயிற்சி புதுமையான எதையும் சொல்லித்தரவில்லை: ஆளை மதித்துப் பேசு, வேலையைத் தெளிவாகச் சொல், தகராறை முளையிலேயே தீர். போர்க்கால ஃபோர்மேன்களுக்குச் சொன்ன அதே சங்கதி.

இப்படியிருக்க, 2018-இல் உலகின் பெரிய தணிக்கை நிறுவனங்களில் ஒன்று அமெரிக்காவில் தன் பெண் அதிகாரிகளுக்கு நடத்திய வகுப்பு மறு ஆண்டு செய்தியானது. பெண் மூளை பேன்கேக் மாதிரி, ஊற்றிய பாகை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். ஆண் மூளை வாஃபிள் மாதிரி, கட்டம் கட்டமாகத் தாங்கிக்கொள்ளும் என்று அதில் சொல்லப்பட்டதாம். 1943-இன் உதட்டுச் சாயமும் 2018-இன் பேன்கேக்கும் ஒரே அடுப்பில் வெந்தவை. மாறியது ஒன்றுதான். அன்று பெண்ணைப் பற்றி ஆணுக்கு வகுப்பு. இன்று பெண்ணைப் பற்றிப் பெண்ணுக்கே வகுப்பு. ஆணைப் பற்றி ஆணுக்கு வகுப்பு இன்னும் அரிது. பெண் மேலாளரிடம் வேலை செய்வது எப்படி, கூட்டத்தில் அவர் பேசும்போது குறுக்கே விழாமல் இருப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் ஒதுக்கினால்கூடப் போதும்.

வகுப்பைவிடப் பழக்கம் வலியது என்பதற்கு இன்னொரு சான்று மேற்கு வங்காளத்தின் பீர்பூம் மாவட்டம். பஞ்சாயத்துத் தலைவர் பதவி சில ஊர்களில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. சில ஊர்களில் ஒருமுறைகூட இல்லை. ஒரே பேச்சை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து ஊர்மக்களுக்குப் போட்டுக்காட்டினார்கள். பெண் தலைவரையே பார்த்திராத ஊர் ஆண்கள், பெண் குரலில் வந்த பேச்சுக்குக் குறைந்த மதிப்புப் போட்டார்கள். பெண் தலைவரைப் பார்த்துப் பழகிய ஊர்களில் அந்தப் பாரபட்சம் கரைந்திருந்தது. யாரும் அவர்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தவில்லை. பானையில் சோறு கூடியபோது, ஒரு சோற்றை நசுக்கிப் பார்க்கும் வழக்கம் தானாக நின்றது.

மறுபடியும் ஓசூர்

ஓசூர் இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. யானைகள் இன்றும் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வந்துபோகின்றன. குதிரை போன பாதைகளில் கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன. இங்குள்ள செல்பேசி உதிரிபாக ஆலையில் வெளிமாநிலங்களிலிருந்தும் வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். போச்சம்பள்ளியில் அமைந்த மின் ஸ்கூட்டர் ஆலை முழுக்கப் பெண்களாலேயே இயங்கும் என்று 2021-இல் அறிவித்தார்கள். பெண்ணால் முடியுமா என்று இந்த மாவட்டத்தில் இனி யாரும் கேட்கப்போவதில்லை. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற எண்ணோடு, எத்தனை பேர் வேலை வாங்குகிறார்கள் என்ற எண்ணையும் கேட்பதுதான் இன்றைய தேவை.

அந்த ஆலைகளில் ஒன்றில், நேற்றுவரை பக்கத்து இருக்கையில் இருந்த பெண் இன்று லைனின் பொறுப்பை ஏற்று வந்து நிற்கும்போது, மற்றவர்கள் அவளை ஏற இறங்கப் பார்க்கத்தான் செய்வார்கள். இவளும் நம்மைப் போலத்தானே என்ற சொல் அங்கேயும் எழும். இவள் சொல்லி நாம் என்ன கேட்பது என்ற ஏளனமாகவும் அது ஒலிக்கலாம். அடுத்து நாமும் வரலாம் என்ற தெம்பாகவும் ஒலிக்கலாம். எப்படி ஒலிக்கும் என்பது அவள் சுபாவத்தில் இல்லை. ஒரு லீவைத் தானே கொடுக்கவும், ஒரு மிஷினை நிறுத்தச் சொல்லவும் அவளுக்கு அதிகாரம் கொடுத்து அனுப்பினோமா என்பதில் இருக்கிறது.